நிழலிலும் பூக்கும் நாட்டுக் கனகாம்பரம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

பி பிளாக்கின் வடக்குச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கும் ஐந்தடி மண்ணில் டைல்ஸ் போடலாமா என்று இன்று முடிவெடுக்கப் போகிறோம். "வெயிலே வராத இடத்தில் என்ன வளரும்?" என்று கேட்கிறீர்கள். கனகாம்பரம் வளரும்.

தலையில் வைக்கும் பூ என்பதால் அதை வயலில் வளர்க்கும் செடியாகவே நினைக்கிறோம். அது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான காட்டுச் செடி. மரத்தடி நிழலுக்குப் பழகியது. காலையில் கொஞ்ச நேரம் சாய்வாக வெயில் விழுந்தால் போதும். அடியோடு இருட்டான மூலையில் மட்டும் இலைதான் வரும், பூ வராது. அதனால் மோட்டார் ரூமை ஒட்டிய பகுதியை நான் கேட்கவில்லை; அங்கே டைல்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

நர்சரியில் கேட்டால் தில்லி கனகாம்பரத்தைக் கொடுப்பார்கள். பூ அழகுதான். ஆனால் அது விதை பிடிக்காது, குச்சி வெட்டித்தான் நட வேண்டும். நமக்கு வேண்டியது விதை வைக்கும் நாட்டு வகை. காய்ந்த கதிரில் மழைத்துளி பட்டால் காய் படீரென்று வெடித்து விதையை எறியும். (சின்ன வயதில் எச்சில் தொட்டு வெடிக்க வைத்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள்.) சிதறிய விதை மழையில் தானே முளைக்கும். திரும்பத் திரும்பச் செடி வாங்கும் செலவு சங்கத்துக்கு இல்லை.

இதற்குப் பகை நிழல் அல்ல, தேங்கும் தண்ணீரும் நூற்புழுவும்தான். நூற்புழு கண்ணுக்குத் தெரியாது. செடி வெளிறிக் குறுகும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முடிச்சு முடிச்சாக இருக்கும். நடும்போதே மண்ணில் வேப்பம் பிண்ணாக்கு கலந்துவிடுவது நல்லது. அதைவிட முக்கியம், ஏசி குழாய்கள் எல்லாம் அந்த மண்ணில்தான் சொட்டுகின்றன. முதலில் அவற்றைத் திருப்பிவிட்டு, மண்ணை ஒரு சாண் உயர்த்த வேண்டும்.

மணமில்லாத பூவாச்சே என்று முன் வரிசையில் ஒரு குரல். மணமுள்ள மல்லிகைக்கு வெயில் வேண்டுமே, அம்மா! இது கதிரில் கீழிருந்து மேலாகப் பல நாள் பூக்கும், பறித்தாலும் சட்டென்று வாடாது.

ஆடியில் நாற்று விட்டால் பொங்கல் வாக்கில் பூவைப் பார்க்கலாம். அதுவரை டைல்ஸ் வேலையைத் தள்ளிவைக்கும்படி கேட்கிறேன். அதன் பிறகும் அங்கே ஒன்றும் வளரவில்லை என்றால் தாராளமாகப் போடுங்கள். ஊரில் நாட்டு விதை வைத்திருப்பவர்கள் ஒரு கைப்பிடி கொண்டுவாருங்கள், நாற்றை என் பால்கனியில் வளர்த்துத் தருகிறேன்.