கார்டு மறுத்தால் கதவு அடைந்துவிடாது
(மட்டாஞ்சேரியில் நம் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுமட்டு வேலைக்குக் கார்டு கேட்டு மனுக் கொடுத்தோம், இல்லையென்று திருப்பிவிட்டார்கள், இனி என்ன வழி என்று நம் வீடுகளில் கேட்கிறார்கள். அதைத்தான் இன்று பேசுகிறோம்.

இந்தத் துறைமுகத்தில் ஒரு காலத்தில் சாப்பா முறை இருந்தது. கூடி நிற்கும் கூட்டத்துக்குள் உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்று வேலை. மற்றவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று இதே மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைதும் சைதலவியும் மாண்டார்கள். இப்படிப் பலர் போராடிய மண்ணில்தான் 1978ஆம் ஆண்டின் கேரள சுமட்டுத் தொழிலாளர் சட்டமும், 1981ஆம் ஆண்டின் அதன் விதிகளும் வந்தன. நாம் கேட்கும் கார்டின் பின்னால் அந்த இரத்தம் இருக்கிறது.

26ஏ விதிப்படி அசிஸ்டென்ட் லேபர் ஆபீசரிடம் பதிவு கேட்கிறோம். நம் தம்பி ஒருவர் ஜன்னல் வழியே "நடக்காது" என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினார். மூன்று மாதம் வீணாகப் போயிற்று. வாய்ச்சொல் உத்தரவாகாது. மறுப்பை எழுத்தில், தேதியோடு, காரணத்தோடு கேளுங்கள். தராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

காரணம் கைக்கு வந்ததும், நாள் கடத்தாமல் மாவட்ட லேபர் ஆபீசரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். யூனியன் சம்மதிக்கவில்லை, முன் அனுபவம் இல்லை என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். ஒரு முதலாளியிடம் நிலையாகச் சுமக்கக் கேட்பவரை அந்தக் காரணங்களுக்காக மட்டும் தள்ள முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே கிட்டங்கி முதலாளியின் சம்மதக் கடிதம், கூலி கொடுத்த சீட்டு, உடல் தகுதிக்கு டாக்டர் சான்று எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

அங்கும் தோற்றால் உயர் நீதிமன்றம் இதே எர்ணாகுளத்தில்தான் இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தளர வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் சட்ட சேவை ஆணையம் இலவசமாக வக்கீல் தரும்.

மலையாளம் எழுதத் தெரியாதே என்ற கூச்சமும் வேண்டாம். குறை தீர்க்கக் கேட்கும் மனுவை நாட்டில் வழங்கும் மொழியில் கொடுக்க அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. தமிழில் எழுதுங்கள். காரியம் சீக்கிரம் நடக்க மலையாளப் பிரதி ஒன்றையும் சேருங்கள். நாம் பாஸ்போர்ட் எடுத்து அந்நிய நாட்டுக்கு வந்தவர்கள் அல்லர். இந்தியாவில் எங்கும் குடியிருக்கவும் தொழில் செய்யவும் 19ஆம் பிரிவு நமக்கு உரிமை தந்திருக்கிறது.

இரண்டு காரியம் மட்டும் செய்யாதீர்கள். கார்டு வாங்கித் தருகிறேன் என்கிற தரகனிடம் தாலியை அடகு வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். கார்டு இல்லையே என்று இரவில் பாதிக் கூலிக்கு மூட்டை தூக்கப் போகாதீர்கள். தமிழன் வந்து கூலியைக் குறைத்தான் என்று மலையாளத் தோழன் நம்மை வெறுப்பது அங்கேதான் தொடங்குகிறது. அவன் நமக்குப் பகைவனல்ல. சங்கத்தின் வாசலுக்கும் போவோம், அதே கூலிக்கு அதே வேலை கேட்கிறோம் என்று நேரில் சொல்வோம்.

எல்லா மனுவும் வெல்லும் என்று நாங்கள் வாக்குத் தரவில்லை. ஆனால் தனியாகப் போகிறவனை ஜன்னலிலேயே திருப்பி அனுப்புவது எளிது. பத்துப் பேர் காகிதத்தோடு நின்றால் நாற்காலி போட்டுப் பேசுவார்கள். தாய்மார்களே, அந்தக் காகிதங்களை அரிசிப் பானை போலப் பாதுகாத்து வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவற்றோடு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம், சேர்ந்தே எழுதுவோம்.