மாநில அரசு நமக்குக் கஃபீல் அல்ல

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில், கல்வி மற்றும் வேலைவாய்ப்பு வழிகாட்டுக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

   

சென்ற ஓராண்டில் எங்கள் குழுவை நாடி வந்த இளைஞர்களுள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டனர். ‘ஆஸ்திரேலியாவுக்கு ஸ்டேட் ஸ்பான்சர் வாங்கித் தர முடியுமா?’ என்பதே அது. வாங்கித் தருதல் என்னும் சொல்லிலேயே பிழை தொடங்கிவிடுகிறது என்பது எங்கள் கருத்து.

வளைகுடாவைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள் நாம். ஸ்பான்சர் என்றதும் நம் மனக்கண்ணில் வந்து நிற்பவர் கஃபீல். விசா தருபவர் அவர். வேலை தருபவர் அவர். தங்குமிடம் தருபவரும் அவரே. பல வேளைகளில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுபவரும் அவர்தாம். ஆஸ்திரேலிய மாநில அரசு இவற்றுள் எதையும் செய்வதில்லை. ‘இத்தொழில் அறிந்த இன்னார் எங்கள் மாநிலத்திற்குத் தேவைப்படுகிறார்’ என்று மத்திய அரசுக்குப் பரிந்துரைப்பது மட்டுமே அதன் பணி. விசாவை வழங்குவதும் மறுப்பதும் மத்திய அரசின் உள்துறை. அங்கே இறங்கிய பின் வேலையைத் தேடிக்கொள்வதும் வீட்டைத் தேடிக்கொள்வதும் சென்றவரின் பொறுப்பு.

இப்பரிந்துரையில் இரு வகைகள் உள்ளன. 190 என்னும் எண்ணுடைய விசா முதல் நாளிலிருந்தே நிரந்தர வதிவிட உரிமை தருவது. அதற்கான பரிந்துரைக்கு 5 புள்ளிகள் கிடைக்கும். 491 என்பது 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக் காலத்திற்கு உரியது. அதற்கு 15 புள்ளிகள். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து, அங்கேயே பணிபுரிய வேண்டும் என்பது இதன் கட்டாய நிபந்தனை. பெர்த், அடிலெய்ட், ஹோபார்ட், டார்வின், கான்பரா ஆகியவை இந்த எல்லைக்குள் அடங்குவதால், பிராந்தியம் என்றவுடன் பாலைவனம் என்று அஞ்ச வேண்டியதில்லை. மூன்றாண்டுகள் நிபந்தனையை மீறாமல் வாழ்ந்து, மூன்றாண்டுக்கான வருமான வரி மதிப்பீட்டு ஆவணங்களையும் காட்டினால், 191 என்னும் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

புள்ளிக் கணக்கைப் பலரும் கேட்கின்றனர். முப்பது வயதுச் சகோதரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதிற்கு 30. அவருடைய பாலிடெக்னிக் டிப்ளமோ ஏற்கப்பட்டால் 10. வெளிநாட்டில் ஐந்தாண்டு அனுபவம் ஏற்கப்பட்டால் 10. ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்ஸில் ஒவ்வொரு பிரிவிலும் 6 பெற்றால் தகுதி உண்டு, புள்ளி இல்லை. திருமணமாகாதவர் என்றால் மேலும் 10. ஆக மொத்தம் 60. குறைந்தபட்சத் தேவை 65. அந்த ஐந்து புள்ளி இடைவெளியைத்தான் மாநிலப் பரிந்துரை நிரப்புகிறது. அவரே மணமானவராகவும், மனைவி அதே ஆங்கிலத் தகுதியை உடையவராகவும் இருந்தால் 10க்குப் பதில் 5 கிடைத்து 55 ஆகும். அப்போது 190 எட்டாது, 491 மட்டுமே எட்டும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு பிரிவிலும் 7 பெற்றுவிட்டால் 10 புள்ளிகள் கூடி இக்கணக்கு முழுவதும் மாறிவிடும். முகவருக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதியை ஆங்கிலப் பயிற்சிக்குச் செலவிட்டால் பயன் மிகுதி என்று நாங்கள் சொல்வது இதனாலேயே. இதில் நம் பெண்மக்களையும் மறந்துவிடக் கூடாது. உடன் செல்லும் மனைவிக்கு அடிப்படை ஆங்கிலம் இல்லையெனில் தனியே பெருந்தொகை செலுத்த நேரிடும்.

65 என்பது வாசற்படி மட்டுமே. போட்டி மிகுந்த தொழில்களில் அதனினும் கூடுதல் புள்ளி உடையவர்களே அழைக்கப்படுகின்றனர். 2024-25ஆம் நிதியாண்டில் நிரந்தரக் குடியேற்றத்திற்கென ஒதுக்கப்பட்ட 1,85,000 இடங்களில், மாநிலப் பரிந்துரைக்கு 33,000 இடங்களும், பிராந்தியப் பிரிவுக்கு 33,000 இடங்களும் திட்டமிடப்பட்டன. உலகம் முழுவதற்குமான எண்ணிக்கை இது. அவரவர் மாநிலத்தில் ஏற்கெனவே வசித்துப் பணிபுரிவோருக்குப் பல மாநிலங்கள் முன்னுரிமை அளிக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தொழிற்பட்டியல்களும் நிபந்தனைகளும் மாறிக்கொண்டே இருப்பதால், பழைய பட்டியலை நம்பி எவரும் புறப்பட வேண்டாம்.

நடைமுறை இதுதான். முதலில் அத்தொழிலுக்குரிய மதிப்பீட்டு அமைப்பிடம் திறன் மதிப்பீடு. பொறியாளருக்கு என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா, கணினித் துறையினருக்கு ஆஸ்திரேலியக் கணினிச் சங்கம் என ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு உண்டு. எலக்ட்ரீஷியன் போன்றோருக்குத் தொழில்நுட்ப நேர்காணலோ செய்முறைத் தேர்வோ இருக்கும். பின்னர் ஆங்கிலத் தேர்வு. அதன்பின் ஸ்கில்செலக்ட் என்னும் அரசுத் தளத்தில் விருப்பத்தைப் பதிவு செய்தல். இப்பதிவுக்குக் கட்டணமே கிடையாது, இரண்டாண்டுகள் செல்லும். அதற்கென்று நம்மவரிடம் பணம் பெற்றோர் உண்டு! மாநிலம் பரிந்துரைத்து அழைப்பும் வந்துவிட்டால் 60 நாட்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அழைப்பு வரும்போது 45 வயது நிறைந்திருக்கக் கூடாது.

நம்மவர் இடறி விழும் இடம் ஆவணம். வளைகுடாவில் பத்தாண்டு எலக்ட்ரீஷியனாக உழைத்தவரின் இகாமாவில் ‘லேபர்’ என்றிருக்கும். சம்பளம் கையில் கொடுக்கப்பட்டிருக்கும். கம்பெனி தரும் சான்றிதழில் ‘நன்னடத்தை உடையவர்’ என்று இரண்டு வரி மட்டுமே இருக்கும். மதிப்பீட்டாளர் கேட்பதோ, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்னென்ன வேலைகள், வாரத்திற்கு எத்தனை மணி நேரம், ஊதியம் எவ்வளவு, அது வங்கியில் வந்ததற்குச் சான்று என்ன என்பது. உண்மையாகவே உழைத்தவர், அவ்வுழைப்பைக் காட்ட ஒரு தாளும் இல்லாமல் எங்கள் முன் தலைகுனிந்து அமர்ந்திருந்ததைக் கண்டு நாங்கள் கலங்கியிருக்கிறோம். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மதிப்பெண் சான்றிதழில் வேறு எழுத்து, தந்தை பெயர் சில தாள்களில் முன்னும் சிலவற்றில் பின்னும் என்பது நம்மூரில் வீட்டுக்கு வீடு உள்ள குறை. கடந்த பத்தாண்டுகளில் மொத்தம் ஓராண்டு அல்லது அதற்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டின் காவல்துறைச் சான்றும் கேட்கப்படும். அங்கிருக்கும்போதே பெறுவது எளிது. ஊர் திரும்பிவிட்டால் அலைச்சல் பன்மடங்கு.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். இவ்வாண்டு இரு இளைஞர்கள், நமதூர்ப் பட்டறையொன்றில் நான்காண்டுகள் பணியாற்றியதாக ஜமாஅத்தின் கடிதத்தாளில் சான்று வேண்டினர். அவர்கள் அங்கிருந்தது ஓராண்டுகூட நிறையவில்லை. நிர்வாகம் மறுத்தது. ‘ஒரு கையெழுத்தில் பிள்ளைகள் கரையேறுவதைத் தடுத்துவிட்டீர்களே’ என்று அவர்தம் இல்லத்தார் வருந்தினர். அவ்வருத்தம் இன்றும் முற்றத் தீரவில்லை என்பதை அறிவோம். ஆனால் பொய்யான ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால் அவ்விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு, பொதுவாக மூன்றாண்டுகளுக்கு விசா பெற இயலாது. ஆள் அடையாளத்தில் பொய்யெனில் பத்தாண்டுகள். ஒருவர் தந்த பொய்த்தாள் உடன் விண்ணப்பித்த மனைவி மக்களையும் சேர்த்தே பாதிக்கும். ஜமாஅத்தின் கடிதத்திற்கு இருக்கும் மதிப்பு ஒருமுறை கெட்டுவிட்டால், நாளை உண்மையான சான்று கேட்டு வரும் பிள்ளைக்கும் அது உதவாது. அந்த இருவரில் ஒருவர் இப்போது முறையாகப் பணியில் சேர்ந்து, மாதந்தோறும் சம்பளச் சீட்டைக் கோப்பில் சேர்த்து வருகிறார் என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி.

முகவர்களைப் பற்றி ஒரு சொல். ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடியேற்ற முகவர்களின் பெயரையும் பதிவெண்ணையும் அந்நாட்டு அரசின் பதிவேட்டில் எவரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். மாநிலப் பரிந்துரைக்கு உறுதி தருகிறேன் என்பவர் எவராயினும், அவர் தம் கையில் இல்லாததை விற்கிறார். விசாக் கட்டணமே முதன்மை விண்ணப்பதாரருக்கு 4,700 ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல், குடும்பத்தாருக்குத் தனி, மறுக்கப்பட்டால் திரும்பி வராது. நகையை அடகு வைத்துச் செலுத்துமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

விடுமுறையில் வந்திருக்கும் சகோதரர்கள் பயணம் திரும்புமுன், சான்றிதழ்களின் நகல்களோடும் இகாமா, சம்பளச் சீட்டுகளோடும் எங்கள் குழுவினரைச் சந்திக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் இருப்போம். எங்கள் சேவைக்குக் கட்டணம் இல்லை. கம்பெனியிடம் பணிச்சான்று எவ்வாறு கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரிப் படிவம் ஆயத்தம் செய்து வைத்துள்ளோம். புறப்படும்போது தவறாமல் பெற்றுச் செல்லுங்கள்.