மூணு வயசுக்கு எதுக்கு பென்சில்?

எங்க அக்கா பொண்ணுக்கு மூணு வயசு. ப்ரீ-கேஜியில தினமும் ஒரு பக்கம் 'அ' எழுதிட்டு வரச் சொல்றாங்க. அவ அழறா. 'இவ மட்டும் ஸ்லோவோ'ன்னு அக்காவுக்குப் பயம்.

நம் மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் இருக்கு. பிறக்கும்போது எட்டுமே வெறும் குருத்தெலும்புதான். பொதுவா மூணு வயசுல பாதிக்கு மேல இன்னும் எலும்பா மாறியிருக்காது. விரல் தசைகளும் இன்னும் பழகிட்டுதான் இருக்கு. ஹார்டுவேர் ரெடியாகிட்டு இருக்கு, அவ்வளவுதான். ஸ்லோ எல்லாம் இல்ல.

அப்போ இந்த வயசுக்கான இலக்கு என்ன? சப்பாத்தி மாவு உருட்டுறது, பாசிமணி கோக்குறது, சட்டை பட்டன் போடுறது. நாளைக்கு பென்சில் பிடிக்கிற பலம் இதுலதான் வரும். தன் முறை வர்றவரைக்கும் காத்திருக்கிறது, அழாம 'பசிக்குது'ன்னு சொல்றது, கதை நடுவுல 'அப்புறம்?'னு கேட்கிறது: இதுவும் பாடம்தான். அடித்தளப் பருவத்துக்காக 2022-ல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் 3 முதல் 8 வயதுவரை விளையாட்டு வழிக் கற்றலைத்தான் மையமா வைக்குது.

அட்மிஷனுக்குப் போறவங்க, ஃபீஸ் கேட்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "ஒரு நாள்ல எவ்வளவு நேரம் விளையாட விடுவீங்க?"

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.