ஒற்றைக் காலில் நின்றவர்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

2021ஆம் ஆண்டிலே சன்சிபார்த் தீவில் தமிழ்த் தொலைக்காட்சிப் போட்டியொன்று நடந்தது. தீவிலே 90 நாள் தாக்குப்பிடித்து வெல்பவருக்கு ஒரு கோடி ரூபா பரிசு. நாமோ பரிசின்றியே தீவிற் சீவிக்கின்றோம்! நிற்க.

எவரும் அழையாமலே தமக்குத் தாமே போட்டி வகுத்துக்கொண்ட விசித்திர மனிதரொருவர் நம் யாழ்ப்பாணத்திலே தோன்றினார். அவரே வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன், தொழிலாற் சட்டத்தரணி. 1971இல் பாக்கு நீரிணையை இந்தியக் கரைவரை நீந்தி, நீந்தியே திரும்பினார். சென்ற நேரம் 51 மணி. 1979இல் 187 மணி நேரத்துக்கு மேலாக இடைவிடாது சைக்கிள் ஓட்டினார். 128 மணி நேரம் ‘டுவிஸ்ட்’ நடனமாடினார். ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார்.

“இதனால் ஊருக்கு என்ன பயன்?” என்பார் உளர். நியாயமான கேள்வியே. பகீரதன் தவத்தாற் கங்கை வந்தது. அருச்சுனன் தவத்தாற் பாசுபதம் கிடைத்தது. ஆனந்தன் பெற்றவை சாதனைப் பதிவுகளே. 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று, 41ஆம் வயதில் உயிர் நீத்தார். அம்முடிவை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

ஆனால் உடல் ‘போதும்’ என்ற பின்னும் உள்ளம் ‘இன்னும்’ என்ற அப்பிடிவாதம் நமக்கு வேண்டும். கடல் கடந்து படிக்கச் செல்லும் தீவுப் பிள்ளைகளுள், முதற் தோல்வியிலேயே படகேறித் திரும்புவோரும் உளர். நண்பர்களே, அவர் நின்ற 33 மணியில் ஒரு மணியேனும், எடுத்த கருமத்திலே ஒற்றைக் காலில் நிற்போமாக.