பேறுகால மனக்காயமும் சட்டம் தரும் ஈடும்
(வெள்ளி விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் விழாவில் பிரசவத்தைப் பற்றிப் பேச ஒரு வழக்கறிஞர் வந்திருக்கிறாரே என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பெற்ற எழுத்தறிவு யாருக்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்வி, என் தொழிலில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியால் என்னுள் எழுந்தது. அதனால்தான் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சமுதாயத்துப் பெண் ஒருவர் தம் தாயுடன் என்னிடம் வந்தார். கூலி வேலை செய்பவர். தலைப்பிரசவத்துக்காகக் கடன் வாங்கி ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். ஓர் இரவும் ஒரு பகலும் வலி. துடித்துக் கத்தியபோது தொடையில் அடித்தார்கள். சாதியைச் சொல்லி ஏசினார்கள். முடிவில் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள். கிழிந்த இடத்தை மரத்துப்போகும் ஊசி போடாமலே தைத்தார்கள். குழந்தை பிழைத்தது, தாயும் பிழைத்தார். வீடு திரும்பியவரிடம் எல்லோரும் சொன்னது ஒன்றே: "தாயும் பிள்ளையும் நலம். இன்னும் என்ன குறை?"

அவருடைய குறை மனத்தில் இருந்தது. கண்ணை மூடினால் அந்த அறையும் அந்த விளக்கும் கனவில் வரும். அந்த மருத்துவமனைத் தெருவழியே பேருந்து போகும் என்றால், முன்பே இறங்கி வேறு வழியில் நடந்துவிடுவார். மருந்து வாடை பட்டால் கை நடுங்கும். கணவன் அருகில் வந்தாலும் அஞ்சுவார். வீட்டார் இதைக் காற்றுக் கருப்பு என்று கருதிச் சாமியாடியிடம் மூன்று முறை அழைத்துச் சென்றார்கள். மருத்துவரிடம் ஒருமுறையும் அழைத்துச் செல்லவில்லை.

என்னிடம் வந்தபோது ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கச் சட்டம் இடம் தருகிறது. அவரிடம் காரணம் இருந்தது. அதைக் காட்டும் சான்று இல்லை. மருத்துவமனைச் சீட்டுகள் ஒழுகும் கூரையின்கீழ் நனைந்து அழிந்திருந்தன. பதிவேடுகளை 3 ஆண்டு காத்தால் போதும் என்பது மருத்துவர்களுக்கான விதி; ஆகவே அங்கும் எதுவும் கிடைக்கவில்லை. வழக்குத் தொடுக்க என்னால் இயலவில்லை. எழுந்து போகும்போது அந்தப் பெண் கேட்டார்: "அப்போ இது எனக்கு நடக்கவே இல்லேன்னு ஆயிடுச்சாம்மா?"

அக்கேள்விக்கு அன்று நான் விடை கூறவில்லை. இன்று உங்கள் முன் கூற விரும்புகிறேன்.

மனத்தில் பட்ட காயமும் காயமே. அச்சமூட்டும் நிகழ்ச்சிக்குப் பின் கொடுங்கனவும் நடுக்கமும் மாதக்கணக்கில் நீடிப்பதை ஒரு தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ஆம் ஆண்டிலேயே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. போர்க்களம் கண்ட வீரனுக்கு வரும் அந்நோய் பிரசவ அறை கண்ட தாய்க்கும் வரலாம் என்பதை மருத்துவ உலகம் இன்று ஏற்கிறது. அது பேயுமன்று, பிடிவாதமுமன்று. சிகிச்சையால் குணப்படக்கூடியது.

சட்டமும் இதை அறியாததன்று. இழப்பீடு என்ற சொல் உடல் துன்பத்தோடு மனத்துன்பத்தையும் அவமதிப்பையும் உள்ளடக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் நுகர்வோர் வழக்கொன்றில் விளக்கியது. மருத்துவமனையின் கவனக்குறைவால் முடமான ஒரு குழந்தையின் வழக்கில், 1998-இல், குழந்தைக்குரிய தொகையைத் தவிரப் பெற்றோரின் மனவேதனைக்கென்றே 5 லட்சம் ரூபாய் வழங்கிய ஆணையை அது உறுதி செய்தது. தில்லியில் மகப்பேறு நிலையம் சேர்த்துக்கொள்ளாததால் வீடற்ற ஓர் ஏழைப் பெண் 2009-இல் மரத்தடியில், பலர் காணப் பிள்ளை பெற்றாள். அவளுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று கூறி, 50,000 ரூபாய் ஈடு வழங்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2010-இல் ஆணையிட்டது. தாயும் சேயும் உயிரோடு இருந்தார்கள் என்பதால் குறையொன்றும் இல்லை என்று அந்நீதிமன்றம் சொல்லவில்லை என்பதை நெஞ்சில் இருத்துங்கள்.

இங்கு ஒன்றை நேர்மையோடு சொல்ல வேண்டும். கடினமான பிரசவம் எல்லாம் மருத்துவரின் குற்றமாகாது. ஒழுங்காகப் பயின்ற மருத்துவர் செய்யக்கூடியதைச் செய்தும் தீங்கு நேர்ந்தால் அது கவனக்குறைவாகாது என்பதை 2005-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. செய்ய வேண்டியதைச் செய்யாமை, செய்யத் தகாததைச் செய்தல், அதனால் விளைந்த தீங்கு ஆகியவற்றை நாம்தான் காட்டியாக வேண்டும். நள்ளிரவிலும் நம் தாய்மார்களைக் காத்த மருத்துவரும் செவிலியரும் பலர் உண்டு. அவர்களைப் பழித்து நாம் ஒன்றும் பெறப்போவதில்லை.

எங்கே முறையிடுவது? கட்டணம் செலுத்திய மருத்துவமனையாயின், நாம் வாழும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இல் தீர்ப்பாயிற்று. நம் மக்களில் பெரும்பாலோர் நாடுவது அரசு மருத்துவமனையையே. ஆதலால் கதவு அடைபட்டது என்று சோர்ந்துவிட வேண்டாம். உரிமையியல் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இருக்கின்றன. அரியானாவில் அரசு மருத்துவமனையில் செய்த கருத்தடை அறுவை தவறிய கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கு அரசே 54,000 ரூபாய் தர வேண்டும் என்ற தீர்ப்பை 2000-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிறர் காணும் இடத்தில் சாதிப்பெயர் சொல்லி ஏசினால், அது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தனிக் குற்றம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் ஏது என்பீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி அளிக்கிறது. இதற்கு வருமான வரம்பு கிடையாது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதன் அலுவலகம் உண்டு. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். இது எவரும் இடும் பிச்சையன்று. பெண்ணாகவும் இச்சமுதாயத்தில் பிறந்தவளாகவும் இருவகையில் அவளுக்கு உரியது.

இளைஞர்களே, இனி உங்கள் பங்கைச் சொல்கிறேன். வீட்டில் ஒரு பெண் பிரசவத்துக்குப் பின் உறங்காமலும் உண்ணாமலும் நடுங்கினால், முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். வழக்கு பிறகு; உயிரும் மனமும் முதலில். அந்த மருத்துவச் சீட்டே பின்னாளில் சான்றாகும். மருத்துவமனைப் பதிவேட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி. அரசு மருத்துவமனையாயின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் துணை நிற்கும். யார், எப்போது, என்ன சொன்னார், என்ன செய்தார் என்பதை நினைவு மங்குமுன் தேதியிட்டு எழுதிவையுங்கள். எழுதத் தெரியாத தாய்க்கு நீங்கள் எழுதிக்கொடுங்கள். சீட்டுகளை நெகிழி உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1928-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலனுக்கே உரியது. ஆகவே அச்சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். தாயின் வேதனை வீட்டுக்குள் புதைக்க வேண்டிய செய்தியன்று, நாடு பொறுப்பேற்க வேண்டிய செய்தி என்று அவர் அன்றே கண்டார். அவர் படத்தை மாட்டியிருக்கும் வீடுகளில் நாம் அதைப் புதைக்கலாமா?

இழப்பீட்டுத் தொகை அந்த இரவை அழித்துவிடாது. ஆனால் "உனக்கு நடந்தது உண்மை, அது தவறு" என்று ஒரு நீதிமன்றம் எழுதித் தருவது, வாய்மூடி அழுத பெண்ணுக்குப் பெருந்துணை. அன்று என்னிடம் வந்தவருக்கு அந்த ஏட்டை என்னால் பெற்றுத்தர முடியவில்லை. அவர் தெருவில் படித்த பிள்ளை ஒருவர் ஓராண்டுக்குள் ஒரு தாள் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அடுத்துவரும் பெண்ணுக்காவது அந்தப் பிள்ளையாக நீங்கள் இருங்கள் என்று வேண்டி அமைகிறேன்.