பாட்டனார் விரித்த பாய்

(ஜும்ஆ தொழுகைக்கு முன் நமது பள்ளிவாசலில் இமாம் அவர்கள் நிகழ்த்திய பயானின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.

  

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பாய் நெசவாளியின் வாழ்க்கை. அவர் ஆலிம் அல்லர், செல்வந்தரும் அல்லர். நம்மை வளர்த்து ஆளாக்கிய பாட்டனார். மிம்பரின் அருகே நின்றுகொண்டு சொந்தக் கதை சொல்வதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எனினும், அவருடைய வாழ்வில் இந்த மஹல்லாவின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாடம் இருப்பதால் சொல்லத் துணிகிறோம்.

நமது சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடை. தாமிரபரணிப் பாசனத்தில் அமைந்த அவ்வூரின் கோரைப் பாய்கள் நாடெங்கும் பெயர் பெற்றவை; புவிசார் குறியீடும் பெற்றவை. மணமக்களின் பெயர்களைக் கோரையிலேயே பின்னித் தரும் கல்யாணப் பாய்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாயின் மென்மையை அறிந்தவர்கள் அதன் பின்னால் உள்ள உழைப்பை அறிந்திருப்பது அரிது. கோரையைப் பச்சையாக அறுத்து, நெடுகக் கிழித்து, வெயிலில் காய வைக்க வேண்டும். பின்பு ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, மறுபடியும் உலர்த்த வேண்டும். அதன் பிறகே பருத்தி நூல் பாவில் ஒவ்வொரு கோரையாகக் கோத்து நெய்ய முடியும். நயமான பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் குந்தியிருந்தே நெய்ய வேண்டும்.

நமது பாட்டனார் சிறு வயது முதல் அந்தத் தறியில்தான் இருந்தார். சுப்ஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால், பாங்கின் ஓசை கேட்கும்போதுதான் எழுவார். கையிலிருக்கும் கோரையைக் கோத்து முடித்துவிட்டுக்கூடப் போகமாட்டார். அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஒருமுறை, ஏறத்தாழ முடிந்துவிட்ட பாயின் நடுவே நிறம் மங்கிய கோரைகள் சில கலந்திருப்பதைக் கண்டார். வாங்க வந்தவருக்கு அது தெரியவே இல்லை. பாட்டனார் அவரிடம் அதைச் சுட்டிக்காட்டி, விலையைக் குறைத்துக்கொண்டார். அந்த வாரம் வீட்டில் கறி வாங்கவில்லை என்பது நமக்கு நினைவிருக்கிறது.

நமக்கு ஐந்து வயதாக இருந்தபோது தந்தையார் காய்ச்சலில் வஃபாத்தானார்கள். பாட்டியார் அதற்கு முன்பே மறைந்திருந்தார்கள். முதுகு வலியால் தறியை விட்டிருந்த பாட்டனார், அறுபது வயதைக் கடந்த நிலையில், மருமகளுக்காகவும் பேரனுக்காகவும் மீண்டும் தறியில் அமர்ந்தார். அவர் நெய்ய, நாம் பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆன் ஓதுவோம். ஓதுவது நின்றால் அவருடைய கையும் நின்றுவிடும்.

பிற்காலத்தில் மதரஸாவில் ஸீராவைப் பாடமாகக் கேட்டபோது, ஓரிடத்தில் நம்மை அறியாமல் கண் கலங்கியது. நபி (ஸல்) அவர்கள் ஆறு வயதில் தாயாரையும் இழந்தபின், பாட்டனார் அப்துல் முத்தலிப் அவர்களின் பொறுப்பில் வளர்ந்தார்கள். கஅபாவின் நிழலில் அப்துல் முத்தலிபுக்கென்று ஒரு விரிப்பு போடப்படும். மரியாதை கருதி அவருடைய மக்கள் யாரும் அதில் அமர மாட்டார்கள், சுற்றியே அமர்வார்கள். சிறுவராக இருந்த நபியவர்களோ நேராக வந்து அதில் அமர்வார்கள். சிறிய தந்தைமார் விலக்க முற்படும்போது, பாட்டனார் தடுத்து, அக்குழந்தையைத் தம் பக்கத்திலேயே இருத்திக்கொள்வார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

ஆனால் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. நபியவர்களுக்கு எட்டு வயதானபோது அப்துல் முத்தலிப் மறைந்தார். தமக்குப் பின் பேரரை யார் பார்ப்பது என்பதை அவர் விதியின் கையில் விட்டுவிட்டுப் போகவில்லை. தந்தை அப்துல்லாஹ்வுடன் ஒரே தாய் வயிற்றில் பிறந்த அபூதாலிபிடம், பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டே போனார். விரிப்பில் இடம் கொடுத்தது பாசம். ஒப்படைத்துவிட்டுப் போனது பொறுப்பு.

நமது பாட்டனாரும் அப்படியே செய்தார். நமக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு நாள் அஸருக்குப் பின் தம் மகன்கள் இருவரையும், மகளையும், பள்ளி இமாமையும், அண்டை வீட்டாரையும் அழைத்தார். தம் சொத்தான வீட்டிலும் சிறிது நிலத்திலும் நான்கில் ஒரு பங்கு இந்தப் பேரனுக்கு என்று வஸிய்யத் எழுதச் சொன்னார். பெரிய தந்தையின் முகம் வாடிவிட்டது. “இவனை நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோமா, வாப்பா?” என்று கேட்டார். பாட்டனார் சொன்ன பதில் இன்றும் நம் காதில் ஒலிக்கிறது: “பார்த்துக்கொள்வீர்கள், வாப்பா. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் உங்கள் இரக்கத்தில் தின்ன வேண்டாம். தன் பங்கில் தின்னட்டும்.”

அதன் அருமை அன்று நமக்குப் புரியவில்லை. ஃபராயிள் பாடம் ஓதியபோதுதான் புரிந்தது. ஒருவருக்கு மகன்கள் உயிரோடு இருக்கையில், அவருக்கு முன்பே இறந்துவிட்ட மகனின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. மருமகளுக்கும் கிடையாது. நம் தந்தையார் உயிரோடு இருந்திருந்தால், மூன்று மகன்கள், ஒரு மகள் என்ற கணக்கில் ஏழில் இரண்டு பங்கு அவருக்கு வந்திருக்கும். அவர் முந்திவிட்டதால் நமக்கு ஒன்றும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பவே மார்க்கம் வஸிய்யத் என்னும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை எழுதலாம். அந்த மூன்றில் ஒன்றும் அதிகமே என்று ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கூறியதை மதித்தே, பாட்டனார் நான்கில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

நமது பதினைந்தாம் வயதில் அவர் வஃபாத்தானார்கள். அன்று முகம் வாடிய அதே பெரிய தந்தைதான், கடன்களை அடைத்தபின், முதல் வேலையாக வஸிய்யத்தை நிறைவேற்றினார். அல்லாஹ் அவருக்கும் ரஹ்மத் செய்வானாக! அந்தப் பங்கில் வந்த ஓர் அறையும் அடுப்படியும்தான் நம் தாயாருக்குக் கடைசி வரை நிழலாக இருந்தன. வீட்டைப் பற்றிய கவலையின்றி நாம் ஏழு ஆண்டுகள் மதரஸாவில் ஓத முடிந்ததும் அதனால்தான்.

பெரியோர்களே! இப்போது நம் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில், முதல் ஸஃப்பில் தவறாமல் நிற்கும் முதியவர் ஒருவர் இருந்தார். வளைகுடாவில் இறந்த மகனின் இரு பிள்ளைகளையும் உயிராக வளர்த்தார். அவர் திடீரென மௌத்தானார். நாற்பது நாள் முடிவதற்குள் அந்தப் பிள்ளைகளும் தாயும் வீட்டை விட்டு வெளியேறினார்கள். மற்ற மகன்கள் நம்மிடம் வந்து, “சட்டப்படி அவர்களுக்குப் பங்கு உண்டா, ஹஜ்ரத்?” என்று கேட்டார்கள். இல்லை என்றுதான் நாம் சொல்ல முடிந்தது. பாகப்பிரிவினையின்போது வந்து நிற்கும் அநாதைகளுக்கும் கொடுங்கள் என்று சூரத்துன் னிஸாவின் 8-ஆம் வசனம் ஏவுவதை எடுத்துக் கூறினோம். பயன் இல்லை. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஒரு வஸிய்யத்தால் வளர்ந்த நாம், தினமும் நம் பின்னால் தொழுத அந்த முதியவரிடம் ஒரு நாளும் அதைப் பற்றிச் சொல்லவில்லையே!

இதற்காகவே எகிப்து 1946-லும் பாகிஸ்தான் 1961-லும் சட்டத்தின் மூலம் ஏற்பாடு செய்தன. நம் நாட்டின் முஸ்லிம் தனியார் சட்டத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை. ஆகவே பாட்டன்மார்களே, பொறுப்பு உங்களுடையது. வஸிய்யத்தை வாயால் சொன்னாலும் செல்லும். என்றாலும் எழுதி, இரண்டு சாட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், மனைவிக்குக் கொடுபடாத மஹரும் அதில் அடங்கும், பின்பு வஸிய்யத், கடைசியில்தான் வாரிசுப் பங்கு என்ற வரிசையைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் எந்த நேரமும் நம்மிடம் வரலாம். வஸிய்யத் செய்ய வேண்டியதை உடையவர், அது எழுதப்படாமல் இரண்டு இரவுகள் கழிக்க வேண்டாம் என்பது நபிமொழியின் கருத்து.

பாட்டனார் நெய்த பாய் ஒன்று இன்றும் நம் வீட்டில் இருக்கிறது. ஓரம் தேய்ந்துவிட்டது, கோரை தளரவில்லை. அதில் நின்று தொழும்போதெல்லாம் அவருக்காகக் கையேந்துகிறோம். வல்ல ரஹ்மான் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக! நம் மஹல்லாவின் அநாதைப் பேரப்பிள்ளைகள் எவரும் வாசலில் நிற்காதிருக்க நமக்கெல்லாம் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.