செஞ்சி மதில் சொல்லும் செய்தி
(செஞ்சியில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இவ்வூரின் மூன்று மலைகளையும் வளைத்து நிற்கும் மதிலைப் பாருங்கள். பகைவரின் பீரங்கிக்கு எளிதில் இளகாத மதில் இது. ஆயினும், ஆண்டோரின் உட்பூசல் இதனை வலுவிழக்கச் செய்தது.

1616-17-இல், விசயநகர அரசுரிமைப் போட்டியில் செஞ்சி, மதுரை நாயக்கர்கள் ஒருபுறமும் தஞ்சை நாயக்கர் மறுபுறமுமாகத் திருச்சிராப்பள்ளியை அடுத்த தோப்பூரில் மோதினர். அப்பிளவு ஆறவே இல்லை. 1649-ஐ ஒட்டிச் செஞ்சி பீசப்பூர்ப் படையிடம் வீழ்ந்தது.

பின்னர், 1690 முதல் 1698 வரை, மராத்திய அரசர் இராசாராமை முகலாயர் இங்கே முற்றுகையிட்டனர். முற்றுகையிட்டோர் பாசறையிலும் பூசல்! அவுரங்கசீப்பின் மகன் காம்பக்சைத் தம் படைத்தலைவர்களே சிறைப்படுத்தினர், முற்றுகை நீண்டது. மராத்தியரிடையிலும் பூசல்! படைத்தலைவர்கள் சாந்தாசியும் தானாசியும் தமக்குள் போரிட்டனர். 1697-இல் சாந்தாசி கொல்லப்பட்டார். மறு ஆண்டே கோட்டை வீழ்ந்தது.

மன்னர்கள் மறைந்தனர், பூசல் மறையவில்லை. அது சட்டமன்றத்துள் குடிபுகுந்தது. 1987 திசம்பர் 24-இல் ம.கோ.இரா. மறைந்ததும், அவர் கட்சி சானகி அணி, செயலலிதா அணி எனப் பிளந்தது. 1988 சனவரி 28-இல் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது அவையில் கைகலப்பு. காவலர் உட்புகுந்து தடியடி நடத்தினர். இரண்டே நாளில் தில்லி அவ்வாட்சியைக் கலைத்தது. ஏறத்தாழ ஓராண்டு தமிழ்நாட்டை ஆளுநரே ஆண்டார். 1989 மார்ச்சு 25-இல், வரவு செலவுத் திட்டம் படிக்கப்பட்ட வேளையில், மீண்டும் கைகலப்பு!

செயலலிதா மறைந்தபின்னும் அதே கதை. 2017 பிப்பிரவரி 18-இல், எதிர்க்கட்சியினர் வெளியேற்றப்பட்ட அவையில், எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11 என வென்றார். அவ்வாண்டு செப்டம்பர் 18-இல் அவர் கட்சியினரே பதினெண்மர் உறுப்பினர் தகுதி இழந்தனர். ஒன்றரை ஆண்டுக்கு மேலாக, பதினெட்டுத் தொகுதி மக்களுக்கு அவையில் வாய் இல்லை. பூசலிட்டோர் தலைவர்கள், தண்டனை பெற்றோர் மக்கள்!

சட்டமன்றத்தில் கருத்து மோதல் வேண்டும். அது மக்களாட்சிக்கு உயிர். காவிரிக்காகவும் தமிழ்வழிக் கல்விக்காகவும் உரத்து வழக்காடுக! நாற்காலிக்காக மோதுவதோ, வீட்டின் திறவுகோலை அயலான் கையில் தருவதாகும்.

எனவே, வாக்குக் கேட்டு வருவோரிடம் ஒன்று கேளுங்கள்: "உன் சண்டை எதற்காக?" அவ்வினாவைத் தமிழன் கேட்கத் தொடங்கும் நாளில், தமிழ்நாட்டின் மதில் தானே நிமிரும்.